பாட்டு நோட்டிலிருந்து டேப்லெட்டுக்கு: மாமல்லபுரம் கடற்கரை மேடையில் எது தாங்கும்? முழு விளக்கம்

கச்சேரி மேடைகளில் பாட்டு நோட்டு இருந்த இடத்தில் இப்போது டேப்லெட் உட்கார்ந்திருக்கிறது. சென்னை சபாக்களில் மட்டுமல்ல, கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட் திருமணங்கள், செங்கல்பட்டு மாவட்டத்து தேவாலயப் பாடகர் குழுக்கள், மாமல்லபுரம் திறந்தவெளி நாட்டிய மேடை என எல்லா இடத்திலும் இதைப் பார்க்கலாம். காகிதம் பறக்கும், நனையும், கிழியும். டேப்லெட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கடற்கரை மேடையில் டேப்லெட்டுக்கென்று வேறு தொல்லைகள் இருக்கின்றன. மாறும் முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், மேடையில் நோட்டு யாருக்குத் தேவை?

கர்நாடக இசைக் கச்சேரியில் மனப்பாடமாகப் பாடுவதுதான் மரபு. நாதஸ்வரம், தவில் கலைஞர்கள் தாளைப் பார்த்து வாசிப்பதில்லை. அப்படியென்றால் நோட்டு யாருக்கு?

முதல் ஆள், பரதநாட்டியத்துக்குப் பாடுபவர். ஒரே வர்ணத்தை ஒவ்வொரு நடனக் கலைஞரும் ஒவ்வொரு விதமாக அமைத்திருப்பார். ஒரு வரியை எத்தனை முறை திருப்பிப் பாட வேண்டும், சஞ்சாரி எங்கே தொடங்குகிறது, எந்தச் சொல்லில் ஜதி விழுகிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு வர்ணம் அரை மணி நேரத்தைத் தாண்டிப் போகும். ஒரே சீசனில் பல பேருக்குப் பாடும் ஒருவர் இத்தனையையும் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் நாட்டிய மேடையில் பாட்டுக்காரர் முன்னாலும் நட்டுவாங்கம் செய்பவர் முன்னாலும் நோட்டு இருப்பதை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

இரண்டாவது, மெல்லிசைக் குழுக்களும் ரிசார்ட் திருமணங்களில் வாசிக்கும் பேண்டுகளும். பாடகருக்கு வரிகள், கீபோர்டு, கிட்டார் வாசிப்பவர்களுக்கு கார்டு தாள். விருந்தினர் கேட்கும் பாட்டை அந்த நிமிஷமே எடுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, தேவாலயப் பாடகர் குழுக்கள். நாலு குரல்களில் பிரித்துப் பாடும்போது ஒவ்வொரு குரலுக்கும் தனி வரி உண்டு. டிசம்பர் மாதம் முழுக்க கேரல் பாட்டுகள் மாறிக்கொண்டே இருக்கும்.

ஆக, 'நோட்டு இல்லாமலே பாடலாமே' என்ற பதில் இவர்களுக்குப் பொருந்தாது. காகிதமா, திரையா என்பதுதான் இவர்கள் முன்னால் இருக்கும் கேள்வி.

காகிதம் ஏன் போதவில்லை?

மாமல்லபுரத்தில் தமிழ்நாடு சுற்றுலாத் துறை நடத்தும் நாட்டிய விழா, பெரும்பாலும் டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை நடக்கும். மேடை திறந்தவெளி. சாயங்காலம் கடற்காற்று வீசும். நேரடி இசைக்குழுவோடு வரும் குழுக்களில் பாட்டுக்காரர் மேடையின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருப்பார். தாள் பறக்காமல் இருக்க, துணி காயப்போடும் கிளிப்பைத்தான் மாட்ட வேண்டும். பக்கம் திருப்பும்போது கிளிப்பைக் கழற்றி, திருப்பி, மறுபடி மாட்ட வேண்டும். அதற்குள் ஒரு ஆவர்த்தனம் போய்விடும்.

அடுத்தது வெளிச்சம். நடனத்தில் காட்சிக்குத் தகுந்தபடி விளக்கை மங்கவைப்பார்கள். அப்போது ஓரத்தில் இருப்பவருக்கு எழுத்து தெரியாது. தனியாக ஒரு சின்ன விளக்கு வேண்டும். டேப்லெட் திரைக்கு அந்த விளக்கு தேவையில்லை. நாட்டிய மேடைக்கு டேப்லெட் வேகமாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது மழை. வடகிழக்குப் பருவமழைக் காலமும் இசை, நாட்டிய சீசனும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வருகின்றன. 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரம் அருகில்தான். இந்தக் கடற்கரையில் டிசம்பர் என்றால் அப்படி. மையில் எழுதிய நோட்டு ஒருமுறை நனைந்தால் போச்சு. அதில் இருந்தது வெறும் பாட்டு வரியாக இருந்தால் வேறு புத்தகத்தில் தேடிக்கொள்ளலாம். ஆனால் ஒரு நாட்டிய உருப்படியின் முழு அமைப்பும் சில நேரம் அந்த ஒரு நோட்டில் மட்டும்தான் இருக்கும். டேப்லெட்டுக்கு மாறுவதில் கிடைக்கும் பெரிய லாபம் இங்கேதான் இருக்கிறது. ஒரே ஒரு பிரதி என்ற நிலை மாறி, பல பிரதிகள் கிடைக்கின்றன.

வெளிநாட்டில் இதை எப்போது ஆரம்பித்தார்கள்?

ஐபேட் விற்பனைக்கு வந்தது 2010-இல். நோட்டேஷனைப் படிப்பதற்கென்றே உருவான ஃபோர்ஸ்கோர் செயலியும் அதே ஆண்டில் வந்துவிட்டது. 2012-இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் பில்ஹார்மோனிக் இசைக்குழு, காகிதத்தை விட்டு சாம்சங் டேப்லெட்டுகளுக்கு மாறுவதாக அறிவித்தது. தாள் வாங்குவது, அச்சடிப்பது போன்ற செலவில் ஆண்டுக்கு சுமார் 25,000 யூரோ மிச்சமாகும் என்று அப்போது எதிர்பார்த்தார்கள்.

ஆனால் அந்த அனுபவத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அவர்கள் வாசிப்பது குளிரூட்டிய அரங்கில், நாற்காலியில் உட்கார்ந்து. மாமல்லபுரத்தில் வெயில், காற்று, உப்பு. உட்காருவதோ தரையில். இந்த இரண்டு வித்தியாசங்களும் சேர்ந்து பல விஷயங்களை மாற்றிவிடுகின்றன.

வெயிலில் டேப்லெட் ஏன் அணைந்து போகிறது?

ஐபேடை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளுக்கும் ஏறக்குறைய இதே வரம்புதான். செங்கல்பட்டு பக்கம் மே மாதப் பகல் 40 டிகிரியை நெருங்கும், சில நாட்களில் தாண்டவும் செய்யும். நேரடி வெயிலில் வைத்த கருப்புக் கண்ணாடித் திரை, காற்றின் வெப்பநிலையை விட இன்னும் அதிகமாகச் சூடாகும்.

சூடு ஏறினால் கருவி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மூன்று கட்டமாக நடவடிக்கை எடுக்கும். முதலில் சார்ஜ் ஏறுவதை நிறுத்தும். அடுத்து திரை வெளிச்சத்தைத் தானாகக் குறைக்கும். கடைசியில், ஆற வேண்டும் என்ற எச்சரிக்கையைக் காட்டிவிட்டு வேலையை நிறுத்திவிடும். கருவி பழுதாகவில்லை, ஆறினால் சரியாகிவிடும். ஆனால் பாட்டின் நடுவில் அது ஆறும் வரை யார் காத்திருப்பது?

செய்ய வேண்டியது எளிது. பந்தல் நிழல் இல்லாத பகல் நிகழ்ச்சிக்கு டேப்லெட்டை நம்பக் கூடாது. நிழல் இருந்தாலும், முறை வரும் வரை பையில் அல்லது துணிக்குள் வைத்திருக்கலாம். நிறுத்தி வைத்த காருக்குள் விட்டுவிட்டுப் போகவே கூடாது. சார்ஜ் போட்டபடி வெயிலில் வாசித்தால் இரட்டைச் சூடு. கவர் தடிமனாக இருந்தால் கழற்றிவிடலாம். சூடான கருவியை உடனே ஐஸ் பெட்டியில் வைத்து ஆறவைப்பதும் தவறு, உள்ளே ஈரம் படியும்.

திரை ஏன் தெரியவில்லை?

வெயிலில் காகிதம் இன்னும் நன்றாகத் தெரியும். திரை நேர்மாறு. சாதாரண டேப்லெட் திரை உட்புற வெளிச்சத்துக்குப் போதும், நடுப்பகல் கடற்கரைக்குப் போதாது. பிரகாசத்தை முழுசாக ஏற்றினால் பேட்டரி வேகமாக இறங்கும், சூடும் ஏறும். பளபளப்பைக் குறைக்கும் மேட் ஃபிலிம் ஒட்டினால் ஓரளவு பலன் உண்டு.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பார்த்தால், சில திரைகள் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் முழுக்கக் கருப்பாகத் தெரியும். பகல் நேர பீச் திருமணத்தில் கண்ணாடியோடு வாசிக்கும் கீபோர்டு கலைஞர் இதை முன்கூட்டியே சோதித்துக்கொள்வது நல்லது.

மின்காகிதம் எனப்படும் ஈ-இங்க் திரைகள் வெயிலில் காகிதம் போலவே தெளிவாகத் தெரியும், பேட்டரியும் நீண்ட நேரம் வரும். ஆனால் பக்கம் மாறும் வேகம் குறைவு. பின்விளக்கு இல்லாத மாடல்களுக்கு இரவில் தனி விளக்கு வேண்டும். பகல் நிகழ்ச்சிகள் மட்டுமே செய்பவருக்கு அது பொருந்தும், இருட்டு மேடைக்குப் பொருந்தாது.

உப்பும் காற்றும் என்ன செய்யும்?

கடற்காற்றில் உப்பும் ஈரமும் கலந்திருக்கும். சார்ஜ் போடும் துளையில் இது படிந்தால் உலோக முனைகள் அரிக்கும். பல கருவிகள் அந்தத் துளையில் ஈரம் இருப்பதைக் கண்டுபிடித்தால் சார்ஜ் ஏற்றவே மறுக்கும். அதனால் கடற்கரை நிகழ்ச்சிக்கு வீட்டிலேயே முழு சார்ஜ் போட்டுக்கொண்டு வர வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து வைக்க வேண்டும்.

காற்றின் இன்னொரு விளையாட்டும் உண்டு. தாள் பறக்கும், டேப்லெட் பறக்காது. ஆனால் ஒல்லியான ஸ்டாண்டில் மாட்டிய டேப்லெட் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும், ஸ்டாண்டோடு சாய்ந்துவிடும். ஸ்டாண்டின் காலில் மணல் பை வைப்பது, அல்லது தரையில் உட்காருபவர் பாராயணப் புத்தகம் வைக்கும் மடக்குப் பலகை போன்ற தாழ்வான தாங்கியைப் பயன்படுத்துவது பாதுகாப்பு.

வியர்வையும் கணக்கில் வரும். விரல் ஈரமாக இருந்தால் தொடுதிரை சரியாக வேலை செய்யாது. பக்கத்தில் ஒரு கைக்குட்டை இருக்கட்டும்.

சம்மணம் போட்டவர் பக்கத்தை எப்படித் திருப்புவது?

வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் ஒரே பதிலைச் சொல்லும்: ப்ளூடூத் கால் பெடல் வாங்குங்கள். காலால் ஒருமுறை மிதித்தால் அடுத்த பக்கம் வரும். நாற்காலியில் உட்காரும் பியானோ, செல்லோ கலைஞருக்கும், நின்று பாடும் தேவாலயக் குழுவுக்கும், கீபோர்டு வாசிப்பவருக்கும் இது சரியான தீர்வு.

சம்மணம் போட்டு உட்காரும் நம்ம ஊர்க் கலைஞருக்கு? கால் மடங்கியிருக்கும். நட்டுவாங்கம் செய்பவருக்கு இரண்டு கையிலும் தாளம். வயலின் கலைஞருக்கு ஒரு கையில் வில். இங்கதான் சிக்கல்.

இதற்கு நாலு வழிகள் உண்டு.

ஒன்று, பக்கம் திருப்பவே தேவையில்லாதபடி தயார் செய்வது. ஒரு கீர்த்தனையை ஒரே பக்கத்துக்குள் அடக்கிவிடலாம். நீளமான வர்ணத்தில், கை ஓயும் இடத்தில் பக்கம் முடிகிற மாதிரி எழுதலாம். ஜதி முடிந்து அடுத்த வரி எடுக்கும் முன் கிடைக்கும் இடைவெளிதான் அதற்கு ஏற்ற இடம்.

இரண்டு, அரைப்பக்க முறை. பல செயலிகளில் இது இருக்கிறது. கீழ்ப்பாதியைப் பாடிக்கொண்டிருக்கும்போதே மேல்பாதியில் அடுத்த பக்கம் வந்துவிடும். அதனால் திருப்பும் நேரம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பாட்டு அறுந்து போகாது.

மூன்று, கையடக்க ப்ளூடூத் பொத்தான். முழங்கால் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு விரலால் அழுத்தலாம். பாடகருக்கு இது ஒத்துவரும்.

நாலு, பக்கத்தில் உட்காருபவர். தம்பூரா போடும் மாணவர் பக்கத்தைத் தட்டிவிடலாம். ப்ளூடூத்தை விட நம்பகமானது இந்த வழிதான்!

முக அசைவால் பக்கம் திருப்பும் வசதியும் சில செயலிகளில் வந்திருக்கிறது. வாயை ஒருபக்கம் கோணினால் பக்கம் மாறும். பாடுபவருக்கும், சொற்கட்டு சொல்லும் நட்டுவனாருக்கும் இது ஆகவே ஆகாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தாளமே தானாக நகரும் 'ஆட்டோ ஸ்க்ரோல்' எப்படி? காலப்பிரமாணம் அப்படியே நிற்கும் மெல்லிசைப் பாட்டுக்குச் சரி. அபிநயத்துக்காக ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடும் பதத்துக்கு உதவாது.

நோட்டை டிஜிட்டல் ஆக்கும்போது எங்கே தப்பு நடக்கிறது?

பழைய நோட்டைப் பார்த்து கம்ப்யூட்டரில் டைப் அடித்துவிடலாம் என்றுதான் பலர் தொடங்குகிறார்கள். பாட்டு வரிகளுக்கு அது சரி. ஸ்வரக் குறிப்புக்கு அது ஆபத்து. காரணம், புள்ளி.

ஸ்வரக் குறிப்பில் மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்கு எழுத்தின் கீழே புள்ளி. தமிழிலோ எழுத்தின் மேல் புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்து. 'ஸ' மேல் புள்ளி வைத்தால் கம்ப்யூட்டர் அதை 'ஸ்' என்றுதான் எடுத்துக்கொள்ளும். கீழ்ப் புள்ளிக்கு சாதாரண தமிழ் விசைப்பலகையில் இடமே இல்லை. கடைசியில் டைப் செய்தவர் புள்ளிகளை விட்டுவிடுவார். மேல் ஷட்ஜமும் மத்திய ஷட்ஜமும் ஒரே மாதிரி ஆகிவிடும். இரண்டாம் காலத்தைக் காட்ட எழுத்துகளின் மேல் போடும் கோடும் இதே மாதிரி காணாமல் போகும்.

அடுத்த ஆபத்து, வரி மடிவது. நீட்டிப்பைக் காட்ட ஒரு காற்புள்ளி, இரண்டு மடங்குக்கு ஒரு அரைப்புள்ளி, அங்கம் முடிந்தால் ஒரு கோடு, ஆவர்த்தனம் முடிந்தால் இரண்டு கோடு என்று ஸ்வர வரிசை ஒரு கட்டத்துக்குள் நிற்கும். வேர்டு கோப்பை வேறு கருவியில் திறந்தால் வரி வேறு இடத்தில் மடியும். தாளக் கணக்கே கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

மூன்றாவது, எழுத்துரு. யூனிகோடு வருவதற்கு முந்தைய பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத டேப்லெட்டில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும்.

மூன்றுக்கும் ஒரே தீர்வு: பிடிஎஃப். கையெழுத்து நோட்டாக இருந்தால் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்க வேண்டும். டைப் செய்ததாக இருந்தாலும் பிடிஎஃப் ஆக மாற்றிய பிறகே மேடைக்குக் கொண்டுபோக வேண்டும். பிடிஎஃப் 2008 முதல் சர்வதேச தர அமைப்பின் பொதுத் தரம். இன்று இருக்கும் செயலி நாளை நின்றுபோனாலும் வேறொன்றில் திறக்கலாம்.

ஸ்கேன் செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

* போனின் ஸ்கேன் செயலியே போதும். ஆனால் பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், நோட்டை முழுசாக விரித்து எடுக்க வேண்டும்.
* கறுப்பு வெள்ளையாக மாற்றினால் பென்சில் குறிப்புகள் மறைந்துவிடலாம். குரு போட்ட பென்சில் திருத்தம் இருந்தால் வண்ணத்திலேயே வைக்கலாம்.
* ஓர வெற்றிடத்தை வெட்டிவிட்டால் எழுத்து பெரிதாகத் தெரியும்.
* கோப்பின் பெயரில் பாட்டு, ராகம், தாளம், யாருக்கான அமைப்பு, தேதி ஐந்தும் இருக்கட்டும். ஒத்திகையில் மாற்றம் வந்தால் புதுத் தேதி போட வேண்டும். பாட்டுக்காரரிடம் பழைய கோப்பும் நட்டுவனாரிடம் புதிய கோப்பும் இருப்பதுதான் டிஜிட்டல் மேடையின் புது விபத்து.
* ஸ்கேன் எடுத்த ஒவ்வொரு பக்கத்தையும் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வரை நோட்டைப் பரணில் போடக் கூடாது.

சுருதி மாறினால்? இதில் நம்ம முறைக்கு ஒரு வசதி உண்டு. ஸ்வரக் குறிப்பில் 'ஸ' என்பது பாடுபவரின் சுருதிதான். ஒன்றிலிருந்து ஒன்றரைக் கட்டைக்குப் போனாலும் தாளில் எதையும் மாற்ற வேண்டாம். மேற்கத்திய ஸ்டாஃப் நோட்டேஷனும் கார்டு தாளும் அப்படியில்லை, எல்லாம் மாறும். எழுத்தாக உள்ளிட்ட கார்டு தாளைச் சில செயலிகள் நொடியில் மாற்றித் தரும். ஸ்கேன் செய்த படத்தை மாற்றித் தராது. பேண்டு கலைஞர்கள் இதை நோட் பண்ணிக்கணும்.

எந்த அளவு டேப்லெட் வாங்குவது?

ஒரு ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. உயரம். 12.9 அங்குல ஐபேட் திரை ஏறக்குறைய 19.7-க்கு 26.3 செ.மீ. அதாவது ஏ4-ஐ விடச் சற்றே சின்னது. நாலு குரல் ஸ்கோர் படிக்கும் தேவாலய ஆர்கன் கலைஞருக்கு இந்த அளவு தேவைப்படும். விலை? இந்தப் பெரிய ஐபேட் ப்ரோ வகை புதிதாக வாங்கினால் 1 லட்சம் ரூபாயைத் தாண்டும்.

11 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் திரை ஏ5 தாளை விடக் கொஞ்சம் உயரமானது, அவ்வளவுதான். ஆனால் சுமார் 15,000 முதல் 25,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. சாகித்யம், ஜதி, கார்டு மட்டும் பார்ப்பவருக்கு இது போதும். ஆண்ட்ராய்டில் மொபைல்ஷீட்ஸ், ஐபேடில் ஃபோர்ஸ்கோர் ஆகியவை பரவலாகப் பயன்படும் செயலிகள். வெறும் பிடிஎஃப் படிக்கும் இலவசச் செயலியை வைத்தே தொடங்கவும் செய்யலாம்.

போன் போதாதா? அவசரத்துக்குப் போதும். ஆறு அங்குலத் திரையில் ஒரு ஆவர்த்தனம் முழுசாகத் தெரியாது. கண் திரையிலேயே ஒட்டிக்கொள்ளும், நடனக் கலைஞரைப் பார்க்க முடியாது. நாட்டியத்துக்குப் பாடுபவரின் கண் இருக்க வேண்டிய இடம் நடனக் கலைஞரின் மீதுதான்.

பாடகர் குழுவில் 25 பேருக்கும் டேப்லெட் வாங்குவது நடக்கிற காரியமில்லை. நடத்துநருக்கும் ஆர்கன் வாசிப்பவருக்கும் மட்டும் டேப்லெட், மற்றவர்களுக்குத் தாள் என்பதே பெரும்பாலான குழுக்களுக்குக் கட்டுப்படியாகும்.

மேடை ஏறும் முன் என்ன செட்டிங்?

* ஏரோப்ளேன் மோடு போட வேண்டும். பெடல் அல்லது பொத்தான் பயன்படுத்தினால் ப்ளூடூத்தை மட்டும் மறுபடி இயக்கலாம்.
* திரை தானாக அணைவதை நிறுத்த வேண்டும். தானாகச் சுழல்வதையும் நிறுத்த வேண்டும்.
* அறிவிப்புகள், அலாரம், சாஃப்ட்வேர் அப்டேட் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும்.
* கோப்புகள் கருவிக்குள்ளேயே இறங்கியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கிளவுடில் மட்டும் இருக்கும் கோப்பு, சிக்னல் இல்லாத இடத்தில் திறக்காது.
* ஒரே செயலியைப் பூட்டி வைக்கும் வசதியை இயக்கலாம். ஐபேடில் 'கைடட் ஆக்சஸ்', ஆண்ட்ராய்டில் 'ஸ்கிரீன் பின்னிங்'. விரல் தவறிப் பட்டாலும் பாட்டுப் பக்கம் போகாது.
* பாட்டுகளை நிகழ்ச்சி வரிசைப்படி ஒரு பட்டியலாக அடுக்க வேண்டும்.
* இரவு மேடையில் பிரகாசத்தைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாடுபவர் முகம் மட்டும் நீலமாக மின்னும்.

பார்த்துப் பாடினால் பாட்டு குறையுமா?

கர்நாடக இசை உலகில் இது சூடான விவாதம். கச்சேரியில் ஐபேடைப் பார்த்துப் பாடுவது தயாரிப்பு இல்லாததைக் காட்டுகிறது என்பது ஒரு தரப்பு. பாட்டு உள்ளே ஊறியிருந்தால்தான் மனோதர்மம் வரும், கண் திரையில் இருந்தால் ரசிகரோடு தொடர்பு அறுந்துபோகும் என்கிறார்கள். பாடாந்தரம் விரிந்துவிட்டது, அரிதான பாடல்களைத் தப்பில்லாமல் பாட ஒரு துணை இருந்தால் என்ன என்பது இன்னொரு தரப்பு.

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நாட்டியத்துக்குப் பாடுவதை இந்த விவாதத்தோடு குழப்பக் கூடாது. அங்கே நோட்டு என்பது மறதிக்கு மருந்தல்ல, இன்னொருவரின் அமைப்புக்கு மரியாதை. பயிற்சிக்கு மட்டும் ஒரு எளிய வழி: ஒத்திகையின் முதல் பாதியில் திரை, இரண்டாம் பாதியில் திரை அணைந்த நிலையில் பாடிப் பார்ப்பது. மேடையில் திரை அணைந்தால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பது அப்போது தெரிந்துவிடும்.

ஸ்கேன் செய்வது சட்டப்படி சரியா?

1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, ஒரு இசைப் படைப்புக்கு அதை உருவாக்கியவரின் ஆயுள் முழுக்கவும், அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. தியாகராஜர் 1847-இல் மறைந்தவர். அவர் கீர்த்தனைகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973. இந்தக் கணக்குப்படி பாதுகாப்பு 2033 முடியும் வரை போகும். பழைய கீர்த்தனையாகவே இருந்தாலும், இப்போதைய ஒருவர் எழுதிப் பதிப்பித்த ஸ்வரக் குறிப்புப் புத்தகத்துக்குத் தனி உரிமை இருக்கலாம்.

சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான உபயோகத்தைச் சட்டம் அனுமதிக்கிறது. தன் புத்தகத்தைத் தன் டேப்லெட்டில் வைத்துக்கொள்வது வேறு, முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுவில் விடுவது வேறு. குருவின் கையெழுத்து நோட்டு என்றால் சட்டத்துக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: அவரிடம் கேட்டாச்சா?

கல், ஓலை, காகிதம், திரை

காகிதமும் ஒரு காலத்தில் புதுசுதான். புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில், பல்லவ கிரந்த எழுத்தில், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதில் ஸ்வரங்களைப் பாறையில் வரிசை வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். மாமல்லபுரத்துச் சிற்பங்களைச் செதுக்கிய அதே நூற்றாண்டு. பிறகு ஓலை வந்தது. ஓலையை அவ்வப்போது படியெடுத்தால்தான் உயிர். படியெடுக்காததைச் செல்லரித்தது. சென்னையில் சின்னசாமி முதலியார் 1893-இல் கர்நாடக இசையை ஐரோப்பிய ஸ்டாஃப் நோட்டேஷனில் அச்சிடத் தொடங்கினார். எட்டயபுரத்தில் 1904-இல் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சில் வந்தது. வாயிலும் சுவடியிலும் இருந்தவை பல கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

ஒவ்வொரு மாற்றத்திலும் பிழைத்தது, பல இடங்களில் பிரதி இருந்த பாட்டுதான். திரைக்கும் அதே விதி. ஒரே டேப்லெட்டில் மட்டும் இருக்கும் கோப்பு, ஒரே நோட்டில் மட்டும் இருந்த பாட்டை விடப் பாதுகாப்பானது அல்ல. நனைந்த நோட்டில் பாதியாவது படிக்க முடியும். உடைந்த டேப்லெட்டில் ஒரு வரிகூடக் கிடைக்காது.

சுருக்கமா சொன்னா...

மூன்று இடங்களில் பிரதி இருக்க வேண்டும்: மேடையில் உள்ள டேப்லெட்டில் ஒன்று, குழுவில் இன்னொருவரின் கருவியில் ஒன்று, வீட்டில் பென் டிரைவிலோ கணினியிலோ ஒன்று. அதோடு அன்றைய நிகழ்ச்சிக்கான பாட்டுகள் மட்டும் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பாடுபவரின் வலது கைப் பக்கம். சுமார் 15, 20 பக்கம்தான் வரும், செலவு ஒரு டீ, வடை அளவு.

பகல் வெயில் மேடைக்குத் தாள் முதலில், திரை துணைக்கு. இரவு மேடைக்குத் திரை முதலில், தாள் துணைக்கு. மழை வந்தால் இரண்டையும் உறைக்குள் வைத்துவிட்டு, மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டை எடுக்க வேண்டியதுதான். ஒவ்வொரு குழுவும் அப்படி ஒரு பாட்டை எப்போதும் தயாராக வைத்திருப்பது நல்லது.